மாங்கனி அன்று இன்டர்வியூ

இங்கிலீஷில் நான் பெரிய வார்த்தைகளுக்குப் பயந்ததே இல்லை. முழம் நீளத்துக்கு ஒரு வார்த்தை வந்தால், அதுபாட்டுக்கு வரட்டும், அகராதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். என்னை அழவைத்தவை எல்லாம் பொடி வார்த்தைகள். லுக், கெட், புட், டேக். விழிதியூர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து பழகிய முகங்கள்தான். ஆனால் அவற்றின் பின்னால் ஒரு அப், ஒரு ஆஃப், ஒரு அவுட் வந்து ஒட்டிக்கொண்டால் போதும், நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பின்னால் பார்ப்பது இல்லையாம், ஒருவரைக் கவனித்துக்கொள்வதாம். லுக் ஃபார் என்றால் தேடுவதாம். லுக் டவுன் ஆன் என்றால் மட்டமாக நினைப்பதாம். (இந்தக் கடைசி ஒன்றை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்த இடங்களிலேயே புரிந்துவிட்டது.)

ஃப்ரேசல் வெர்ப் என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர். இவை இல்லாமல் எழுதலாமாம், பேச முடியாதாம். நான் போன இன்டர்வியூக்களில் எல்லாம் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்றே திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகத் திருப்பி அனுப்பிய ஒரு புண்ணியவான்தான், ‘நீங்க பேசுற இங்கிலீஷ் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு, ஃப்ரேசல் வெர்ப் படிங்க’ என்று சொன்னார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கோவில்பத்து வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பினால்தான் காரைக்கால் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியும். திரும்பி வரும்போது ஊர் அடங்கியிருக்கும். என் மகள் இனியாவுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் தூங்கும்போது போவேன், தூங்கும்போது வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அவளுக்குக் கண் திறந்திருக்கும் என்பதே எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் என்னைத் தூரத்துச் சொந்தக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் மடிக்குப் போய்விடுவாள். அப்படி அவள் போகும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வருவேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு ஆள் எடுத்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் போனில் பேசி அவர்கள் குறையைத் தீர்த்துவைக்க வேண்டும். கிடைத்தால் நாள் முழுக்க வீட்டில், மகள் பக்கத்தில். கிடைக்காவிட்டால் பாத்திரக் கடைதான், அவள் பள்ளிக்கூடம் போகிறவரை அவள் முழித்திருப்பதைப் பார்க்கப்போவதில்லை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வந்தால் உண்டு. அவர் போனில், ‘வந்தா வருது, வராட்டி போவுது, தேனு’ என்று ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

படிக்க ஆரம்பித்தேன். எப்படிப் படித்தேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரே வழியில். வாய்ப்பாடு மாதிரி. காலையில் அடுப்பில் உலை வைத்ததும் ராகம் போட்டு ஆரம்பிப்பேன். ‘லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள். லுக் ஃபார், தேடு. லுக் இன்டு, விசாரி. புட் ஆஃப், தள்ளிப்போடு. புட் ஆன், உடுத்து. புட் அப் வித், பொறுத்துக்கொள்.’ இடையில் ராகம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பஸ்ஸிலும் இதே கதைதான். அம்பகரத்தூர் வருவதற்குள் புட் முடிந்து, கொல்லுமாங்குடி தாண்டும்போது கெட் ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து, இறங்கும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளைக்காரனைத் திட்டித்தீர்த்தேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வாலா வைப்பார்கள் என்று. பிறகுதான் ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன், நாம் மட்டும் என்ன யோக்கியம். எடுத்துக்கொள், எடுத்துவிடு, எடுத்தெறி. தூக்கிவிடு, தூக்கி வை, தூக்கிப் போடு. ‘என்னைப் பத்தி முதலாளிகிட்ட போட்டுக் கொடுத்துட்டா’ என்று ஒரு வெள்ளைக்காரியிடம் சொன்னால், எதைப் போட்டாள், எதில் கொடுத்தாள் என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டாளா. இதை நினைத்த பிறகு அவர்கள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. மனப்பாடம்தான் வரவில்லை.

வீட்டில் இன்னொரு சங்கடம், என் மாமனார். மாமா கும்பகோணம் ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு எங்களோடுதான். இனியாவைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான். காலமெல்லாம் ஸ்டாப்பிங் பெயரைக் கத்தியே வார்த்தையெல்லாம் தீர்ந்துபோனவர் மாதிரி, வீட்டில் வாயே திறக்க மாட்டார். நான் ராகம் போட ஆரம்பித்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காப்பித் தம்ளரோடு கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எரிச்சல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு நாள் மட்டும் திரும்பாமலே சொன்னார்.

“சத்தமாச் சொல்லும்மா. பாதி காதுல விழல.”

எனக்குச் சுருக்கென்றது. கிண்டலைப் பார், மருமகள் நாலெழுத்து படித்தால் பொறுக்கவில்லை என்று மனசுக்குள் பொரிந்து தள்ளிவிட்டு, அன்று முதல் உதட்டளவில் படிக்க ஆரம்பித்தேன். சாம்பாரிலும் அன்று உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. (தற்செயல் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.)

இன்டர்வியூவுக்கு எனக்கு வசதியான நாளைக் கேட்டார்கள். பாத்திரக் கடை முதலாளி லேசில் லீவு தர மாட்டார். ஆனால் மாங்கனித் திருவிழா அன்று காரைக்கால்காரியைக் கும்பகோணத்தில் கட்டிப்போட முடியாது என்று அவருக்கும் தெரியும், அன்றைக்கு மட்டும் கேள்வி கிடையாது. ஆகவே மாங்கனி நாளையே கொடுத்தேன். பெங்களூருக்கு ஆனி மாதமாவது, மாங்கனியாவது, அவர்களுக்கு அது ஒரு வேலை நாள். காலை பதினொரு மணி என்று முடிவாயிற்று.

எங்கள் கோவில்பத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் டவுனில் இருக்கிற அண்ணி வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா, ராஜேஸ்வரி. அவர் வீட்டு மாடி முன்னறையில் கேபிள் நெட் இருந்தது, அவர் வீட்டுக்காரரின், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரின், லேப்டாப்பும் இருந்தது. அந்த அறையிலிருந்துதான் பால்கனிக்கு வழி. பால்கனிக்குக் கீழே, சாமி வருகிற தெரு.

எங்கள் ஊரில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனியை இறைப்பார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் மேலேயிருந்து போடுவார்கள், வேண்டுதல் வைத்தவர்கள் கீழே முந்தானையை விரித்தும் துண்டை ஏந்தியும் பிடிப்பார்கள். முக்கியமாகப் பிள்ளை வரம் கேட்பவர்கள். அண்ணி பல வருஷம் கீழே நின்றவர். அந்த வருஷம் அவர் கையில் நாலு மாதக் குழந்தை இருந்தது. மாடியிலிருந்து ஒரு கூடை இறைப்பதாக வேண்டியிருந்தார்.

“சாமி நம்ம தெருவுக்கு வர மத்தியானம் ஆயிடும் தேனு. அதுக்குள்ள நீ பேசி முடிச்சு, குளிச்சுட்டே வந்துரலாம்” என்றார் அண்ணி.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பத்தரை மணிக்குப் பெங்களூரிலிருந்து செய்தி வந்தது, இன்டர்வியூவை ஒன்றரை மணிக்குப் புட் ஆஃப் செய்யலாமா என்று. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், ‘புட் ஆஃப், தள்ளிப்போடு’ என்று படக்கென்று புரிந்துவிட்டதே. அந்தப் பூரிப்பில் ‘ஓகே’ என்று பதில் அனுப்பிவிட்டுத்தான், எதற்கு ஓகே சொன்னேன் என்று யோசித்தேன்.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவரே தேற்றினார்.

“சரி விடு. நான் ரூம் கதவைச் சாத்திடறேன். சாமி வர்றப்ப மட்டும் நான் பூனை மாதிரி வந்து போட்டுட்டுப் போயிடறேன்.”

ஒன்றரை மணிக்குத் திரையில் மேடம் வந்தார். வெள்ளி முடி, மூக்குக்கண்ணாடி, பின்னால் ஒரு பூச்செடி. தமிழ் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாமா முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்து, அறை மூலையில் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் தெரியவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மேடம். நான் தயாராக இருந்தேன். ஐ கெட் அப் என்று ஆரம்பித்து, கெட் ரெடி ஆகி, பஸ்ஸில் கெட் ஆன் ஆகி, எல்லோரிடமும் கெட் அலாங் ஆகி, எப்படியோ கெட் பை ஆகி, மூச்சு விடாமல் கும்பகோணம் வரை போய்விட்டேன். அதுவும் வாய்ப்பாட்டு ராகத்தில். ராகம் இல்லாமல் எனக்கு அது வராது. மேடம் கையைத் தூக்கி, “ப்ளீஸ், ஸ்லோ டவுன்” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நான் செய்தது, மாதக்கணக்கில் பழகிய வாய் தன்னால் திறந்து, “ஸ்லோ டவுன், வேகத்தைக் குறை” என்று பொருள் சொல்லியது. ராகத்தோடு.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கதவு திறந்தது. ஒரு கூடையும், அதைச் சுமந்த அம்மாவும், அவர் பின்னால் ஒரு பெரிய குடும்பமும் உள்ளே வந்தார்கள். முன்பின் பார்த்தவர்கள் இல்லை. எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். தெருவில் மாடி வீடு வைத்திருப்பவர், மாங்கனிக் கூடையோடு வருகிற யாரையும் வாசலில் நிறுத்த முடியாது. பால்கனி அன்றைக்கு ஊருக்குப் பொது. இதை நானும் அண்ணியும் பிறந்ததிலிருந்து அறிவோம். அறிந்துகொண்டே ‘ரூம் கதவைச் சாத்திடலாம்’ என்று திட்டம் போட்டோம் பாருங்கள், எங்கள் மூளையை என்ன சொல்வது.

“நீங்க பேசுங்கம்மா, நாங்கபாட்டுக்கு ஓரமாப் போயிடுறோம்” என்றார் அந்த அம்மா. ஓரமாகத்தான் போனார்கள், திரையில் என் காதை ஒட்டி. அடுத்த கூடை வந்தது. அதற்கடுத்து வந்தவர்களில் ஒருவர் நின்று மேடத்துக்குக் கையாட்டி, “யாருங்க, ஃப்ரான்ஸுலேர்ந்தா?” என்று விசாரித்தார். (ஃப்ரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் திரைக்குள் யார் தெரிந்தாலும் ஃப்ரான்ஸ் சொந்தம்தான்.) மேடம் என்னிடம், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருமுனையில் மேளம் கேட்டது.

அண்ணி ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் கூடையுமாக வந்து நின்றார்.

“தேனு, எந்திரிம்மா. சாமி வந்துட்டாரு.”

“அண்ணி, இன்டர்வியூ நடக்குது.”

“சாமி வாசல்ல நிக்கறப்ப நாற்காலியில ஒக்காந்திருப்பியா?”

சாமி வந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்க என் காலே சம்மதிக்காது. மேடத்திடம் “ஹோல்ட் ஆன்” என்றேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் சொன்ன முதல் ஃப்ரேசல் வெர்ப் அதுதான். எழுந்து அண்ணியின் கூடையை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் எப்படி இறைப்பார், யாராவது கூடை பிடிக்க வேண்டாமா.

கீழே தெரு தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. அண்ணி முதல் கனியைப் போடும்போது அழுதுவிட்டார். அவர் இத்தனை வருஷம் எந்த இடத்தில் நின்று முந்தானை ஏந்துவார் என்று எனக்குத் தெரியும், மருந்துக்கடை ஓரம். அங்கே பார்த்துத்தான் போட்டார். நானும் அழுதேன், கும்பிட்டேன், கையில் அகப்பட்டதையெல்லாம் இறைத்தேன், ‘அந்த மஞ்சச் சேலைக்குப் போடுங்கண்ணி’ என்று கத்தினேன். பெங்களூர், மேடம், கெட், புட் ஒன்றும் நினைவில் இல்லை. கூடை காலியான பிறகுதான் மேடத்தின் ஞாபகம் வந்தது.

திரும்பி ஓடி வந்தால், என் நாற்காலியில் மாமா.

விருந்தாளியைத் தனியே உட்காரவைத்துவிட்டு வீட்டார் எல்லோரும் எழுந்து போவது மாமாவுக்குப் பொறுக்காது. திரையில் ஒரு பெண் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பேச்சுத் துணைக்கு வந்திருக்கிறார். முழங்கால் வலிக்கு நாற்காலியும் வசதி. சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. சரி, அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் நமக்குத் தெரிந்ததைப் பேசுவோம் என்று மாமா ஆரம்பித்துவிட்டார்.

“லுக் ஆஃப்டர், பாத்துக்கறது. லுக் ஃபார், தேடறது. லுக் இன்டு, விசாரிக்கறது. புட் ஆஃப், தள்ளிப்போடறது...”

நான் படித்த அதே வரிசை. ஆனால் ராகம் அவருடையது. திருநள்ளாறு எறங்கு, அம்பகரத்தூர் எறங்கு என்று பஸ்ஸில் குரல் கொடுக்கிற அதே கணீர். தெருவில் மேளத்தை மீறிக் கேட்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் மடியில் இருந்த இனியா ‘ஃபார்’, ‘ஆஃப்’ என்று வாலை மட்டும் பிடித்துச் சொன்னாள். மேடம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அது சிரிப்பா, வேறு எதுவுமா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பூமி பிளந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. மாடி என்பதால் அதற்கும் வழியில்லை.

“மாமா, போதும் மாமா. எந்திரிங்க.”

“இரும்மா. புட் அப் வித் வரைக்கும் சொல்லிடறேன்.”

மேடம் என்னைப் பார்த்ததும் இவர் யார் என்று கேட்டார். மாமனார் என்றேன். அவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்டு எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் மாமாவிடம் கேட்டேன். அவர் திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அதுவரை வீட்டில் நான் கேட்டே இராத நீளத்துக்குப் பேசினார்.

“மேடம், இந்தப் பொண்ணு பாட்டு மாதிரி ஒப்பிக்குதேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அது பயம். இது காலையில புள்ள எந்திரிக்கறதுக்கு முன்னாடி போவுது, தூங்குனப்பறம் வருது. புள்ளைய நான் பாத்துக்கறேன், அதுல ஒண்ணும் கொறை இல்ல. ஆனா புள்ளைக்கு அம்மா மூஞ்சி மறந்துடக் கூடாது பாருங்க. எத்தனையோ எடத்துல திருப்பி அனுப்புனாங்க, இது விடல. வேலை குடுக்கறது உங்க இஷ்டம். ஆனா இது மாதிரி ஒரு புள்ள உங்களுக்குக் கெடைக்காது.”

மாமனார் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியாது. நம்மைப் புகழ்ந்து சொன்னதை நம் வாயாலேயே சொல்வதும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். மேடம் காத்திருந்தார். சரி என்று ஆரம்பித்தேன்.

ஹி லுக்ஸ் ஆஃப்டர் மை டாட்டர் என்றேன். ஐ செட் அவுட் பிஃபோர் ஷி வேக்ஸ் அப் என்றேன். திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள் என்றேன். ஹி ஸேஸ் ஐ டிட் நாட் கிவ் அப் என்றேன். ராகம் இல்லை. பொருள் தேடவில்லை. எந்த வால் எதன் பின்னால் வர வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, வந்தது. ‘அம்மா மூஞ்சி மறந்துடக் கூடாது’ என்ற இடம் வந்ததும் இனியாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். மேடம் சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை. முன்னால் சாய்ந்து ஏதோ சொல்ல வந்தார்.

எதிர் மாடியிலிருந்து யாரோ புண்ணியவான் வீசிய மாங்கனி, தெருவைத் தாண்டி, பால்கனி தாண்டி, நேராக வந்து லேப்டாப்பில் விழுந்தது. பழுத்த கனி. மேடம் முகத்தில் வெடித்தது போலத் தெரிந்தது, அதோடு திரை இருண்டுவிட்டது.

பால்கனியில் இருந்த கூடைக்கார அம்மா ஓடி வந்து, “கொடுத்து வச்ச பொண்ணும்மா நீ, மாங்கனி தேடி வந்து விழுந்திருக்கு” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமியின் கனியாயிற்றே, வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அண்ணன் கீழேயிருந்து வந்து லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாறு சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. நன்றி அண்ணா.

கோவில்பத்துக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நான் மாமாவிடம் கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், அழுகையாக வந்தது.

“எப்ப மாமா இதெல்லாம் படிச்சீங்க?”

“நான் எங்க படிச்சேன். நீ சொல்லச் சொல்லக் காதுல ஏறுனதுதான். உனக்கு எங்கயாச்சும் மறந்துட்டா எடுத்துக் குடுக்கலாமேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். சத்தமாச் சொல்லுன்னு சொன்னேன், நீ கொரலைக் கொறச்சுட்ட. புட் அப் வித்துக்கு மேல எனக்கு வரல.”

சாம்பார் உப்பு ஞாபகம் வந்தது. தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நாளாக இந்த மனுஷரைப் பற்றி நான் மனசுக்குள் நடத்திய வசவுக் கச்சேரி என்ன, அவர் காப்பி ஆறுவது தெரியாமல் காது கொடுத்து உட்கார்ந்திருந்தது என்ன. எங்கள் பக்கம் மாமனாருக்கு நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சொன்னால், ‘என்னம்மா ஒடம்புக்கு’ என்று கேட்பார். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நன்றி மாமா.

பெங்களூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நானாகக் கூப்பிட வெட்கம். மறுபடி முதல் பஸ், மறுபடி பாத்திரக் கடை. அப்படி ஒரு நாள், குக்கர் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று சரக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேடம். எடுத்ததும் முதலில் கேட்டது, உங்கள் மாமனார் எப்படி இருக்கிறார் என்று. இரண்டாவதாக, போனில் பேசுகிற வேலையை உங்களுக்குத் தர முடியாது என்றார். பதற்றம் வந்தால் பஸ் ஸ்டாப் கூப்பிடுகிற மாதிரி பேசுகிறீர்கள், வாடிக்கையாளர் பயந்து இறங்கிவிடுவார் என்றார். அங்கேயே ஒரு இட்லிப் பானை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாவதாக, எழுத்தில் பதில் சொல்கிற பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்துதான், சேர்ந்துகொள்கிறீர்களா என்றார். மாமனார் சொன்னதை நீங்கள் மொழிபெயர்த்தீர்களே, அதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை, எங்களுக்கு அப்படி எழுதுகிறவர்கள்தான் வேண்டும் என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கடையில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும், இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதேனாம்.

வீட்டில் கேபிள் நெட் போட்டோம். முதல் நாள் காலை கூடத்து மேசையில் உட்கார்ந்து, ஓசைப்படாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு இனியா எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்தாள். நின்றாள். நான் சிரித்தேன், கையை நீட்டினேன். அவள் என்னிடம் வரவில்லை. திரும்பிக் கொல்லைப் பக்கம் ஓடி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“தாத்தா, ஓடியா. அம்மா இன்னும் இருக்கு.”

இனியா இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் எந்தக் கல்யாணத்துக்குப் போய்க் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்திருந்தாலும், அண்ணி வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பாட்டுக்கும் தங்கிவிட்டாலும், யாராவது ஒருவர் குரல் கொடுத்துவிடுவார்கள். அம்மா இன்னும் இருக்கு.